பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்

அவள் பந்து போடுகிற கை விஷயத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. மைதானத்துக்கு ஒரு கட்சி, வீட்டுக்கு ஒரு கட்சி. நடுவில் அந்தக் கை மாட்டிக்கொண்டு முழித்தது.

சாஃப்ட்பாலில் பிட்சர் பந்தைக் கீழிருந்துதான் போட வேண்டும். கை தோளைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்துவிட்டு, இடுப்புக்குப் பக்கத்தில் வரும்போது பந்து விரலை விட்டுப் போகும். அதுவரை யாருக்கும் சண்டை இல்லை. பந்து போன பிறகு கை என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் சண்டை.

"கை இடுப்பை உரசிட்டுப் போகணும். அப்புறம் அது எங்க போனா என்ன? ஈரத்துணி மாதிரி தொங்கட்டும்" என்பார் கோச் அக்கா. மாவட்ட அணிக்கு விளையாடி, தோள் போய், இப்போது பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு தோளைச் சற்றே தாழ்த்தி நிற்பார்.

"முழங்கை முகத்துக்கு நேரா வந்து முடியணும். பாதியில கையைத் தொங்க விட்டா பந்துல எங்கேர்ந்து வேகம் வரும்?" என்பார் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி அணியில் இரண்டு சீசன் ஆடியிருக்கிறார். அதை இரண்டு ஜென்மம் ஆடியது போலச் சொல்வார். சாப்பிட உட்கார்ந்தால் ஃபோனைத் தம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு, யார் யாரோ பந்து போடுகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்.

அவளுக்குப் பதிமூன்று வயது. அணியில் எல்லோரும் வாத்து என்றுதான் கூப்பிடுவார்கள். பந்து போடும்போது வலது காலை மண்ணில் இழுத்துக்கொண்டே வருவாள், அதனால். அவளுக்கு அந்தப் பெயரில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தம் எல்லாம் வேறு இடத்தில். மாலையில் கோச் அக்கா சொல்லிக்கொடுத்ததை, வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே வேனை ஓட்டிக்கொண்டு அப்பா அழித்துவிடுவார். மறுநாள் கோச் அக்கா வந்து அப்பாவை அழிப்பார். மேட்ச் நாளில் ஒருவர் இந்தக் கோட்டுக்கு வெளியே, இன்னொருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே.

"இடுப்பு! இடுப்பு!"

"முழங்கை! முழங்கைம்மா!"

இரண்டையும் கேட்டு இரண்டையும் செய்யப் போய், ஒரு மேட்சில் பந்து, அதைப் பிடிக்க எதிரே உட்கார்ந்திருந்த கேட்சரின் தலைக்கு மேலே பறந்து, வலையில் மோதி, நடுவரின் முதுகில் விழுந்தது. கேட்சர் பெண்ணுக்கு மூட்டை என்று பெயர். உட்கார்ந்தால் அரிசி மூட்டை மாதிரி அசையாமல் இருப்பாள். அன்று அந்த மூட்டையே பந்துக்குப் பந்து எழுந்து ஓடினாள்.

மேட்ச் முடிந்ததும் கோச் அக்கா நேரே அப்பாவிடம் வந்தார்.

"சார், நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றப்ப நான் வந்து அந்த வயரை இங்க மாட்டு, இந்த வயரை அங்க மாட்டுன்னு சொல்றேனா?"

"சொல்லுங்க மேடம், கேட்டுக்கறேன். நல்லது யார் சொன்னா என்ன?" என்றார் அப்பா.

அம்மா மகளின் தோளைப் பிடித்து வேனுக்குள் தள்ளினாள். அம்மா பஸ் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கச் சண்டை கேட்டுக் கேட்டு, சண்டை எங்கே முடியும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "ரெண்டும் நிக்காது. நீ ஏறு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அப்பா அவள் பந்து போட்டுப் பழக ஒரு ஹாலைப் பிடித்தார். தனியாகப் போட்டுப் பழகினால் கை ஒரு நிலைக்கு வரும் என்பது அவர் எண்ணம். கோச் அக்காவின் கண்ணில் படாத இடம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முன்பு அது டைல்ஸ் கிடங்கு. தகரக் கூரையில் அங்கங்கே கண்ணாடி மாதிரித் தகடு போட்டிருந்ததால் பகலில் விளக்கே வேண்டாம். தரை முழுக்க ரப்பர் பாய். மேலேயிருந்து கீழே வரைக்கும் பச்சைத் துணியைத் தொங்கவிட்டு, நீள நீளமாக நான்கு லேன் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு லேனின் கோடியிலும் ஒரு கான்வாஸ், அதில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் பந்து பட்டால் ஸ்ட்ரைக், அதாவது சரியான பந்து. அவளுக்குக் கிடைத்தது நாலாவது லேன். வாசலில் ஹாலைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இடுப்பில் கொத்துச் சாவி. எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன்.

பள்ளி விட்டதும் அப்பா அவளை இறக்கிவிட்டு, எங்கேயாவது நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போய்விடுவார். வேலை நாட்களில் அந்த நேரத்துக்கு ஹாலில் வேறு ஆளே இருக்காது. ஒரு கூடைப் பந்து, அவள், கான்வாஸ்.

முதல் நாளே அந்தக் குரல் கேட்டது.

"முட்டியை மடக்காத."

ஒரு பெண்ணின் குரல். சத்தமாக இல்லை. அவளுக்கு இடப்புறம், துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. கூடவே கான்வாஸில் பந்து மோதுகிற தொப்பென்ற சத்தம். பக்கத்து லேனில் யாரோ கோச் யாருக்கோ சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். தானும் முட்டியை மடக்காமல் ஒரு பந்து போட்டுப் பார்த்தாள். நேராகப் போய்க் கட்டத்துக்குள் விழுந்தது.

"அப்படித்தான். இன்னொண்ணு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனக்கே சொன்ன மாதிரி இருந்தது.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். அந்தக் குரல் முழங்கையைப் பற்றிப் பேசவில்லை, இடுப்பைப் பற்றியும் பேசவில்லை. யாரையும் திட்டவில்லை. முதல் நாள் சொன்னதை அடுத்த நாள் மாற்றவில்லை. பக்கத்தில் இருக்கிற பெண் செய்கிற தப்பும் தான் செய்கிற தப்பும் ஒன்றாகவே இருப்பது அவளுக்கு அதிர்ஷ்டமாகப் பட்டது. ஓசியில் ஒரு கோச். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"கையை நீ வீசாத. அது தானா போகும். நீ சும்மா நில்லு."

சும்மா நின்றாள். கை தானாகப் போனது. சுற்றி வந்தது தெரியவில்லை. பந்து கையை விட்டு எப்போது போனது என்றும் தெரியவில்லை. கான்வாஸில் சத்தம் கேட்ட பிறகுதான் கை காலியாக இருப்பதைக் கவனித்தாள்.

"கட்டத்தைப் பாக்காத. கண்ணை மூடிக்கோ."

மூடிக்கொண்டாள்.

"மூச்சு வேண்டாம். போடறப்ப மூச்சு வேண்டாம்."

அதையும் செய்தாள். கூடையில் இருந்த பந்தெல்லாம் வரிசையாகக் கட்டத்துக்குள் போய் விழுந்தது.

அடுத்த மேட்சில் எதிரணிப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், பேட்டைச் சுழற்றினார்கள், காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா? முழங்கை!" என்று பக்கத்தில் நின்றவரிடம் எல்லாம் சொன்னார். கோச் அக்காவோ, "இடுப்பு உரசுது பாருங்க, எவ்ளோ அழகா உரசுது" என்று அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மா இருவரிடமும் தலையாட்டினாள். மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூட்டை மட்டும் சந்தோஷமாக இல்லை. தண்ணீர்க் குழாயடியில் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள் வாத்து.

"வலிக்கல. பந்து சில்லுனு வருதுடி. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த மாதிரி."

"வெயில்ல எப்படிடி சில்லுனு வரும்?"

"அதான் எனக்கும் தெரியல." மூட்டை குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நீ போடறப்ப உன் மூஞ்சி உன் மூஞ்சி மாதிரி இல்ல. யாரோ உன் மூஞ்சியைப் போட்டுக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பொறாமை என்று நினைத்து விட்டுவிட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, அம்மா திடீரென்று அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மூச்சு விடுடி!"

"விட்டுட்டுத்தானேம்மா இருக்கேன்?"

"இல்ல. நானும் பாத்துட்டே இருக்கேன். அந்தத் தட்டை எடுத்ததுலேர்ந்து நீ விடல." அம்மாவின் முகத்தில் விளையாட்டு இல்லை. "யார் சொல்லிக்கொடுத்தா உனக்கு இதெல்லாம்? அந்தக் கோச்சா, உங்கப்பாவா?"

அவள் அடுத்த தட்டை எடுத்தாள். இருவரும் இல்லை என்று சொன்னால் பிறகு யார் என்று அம்மா கேட்பாள். அது அவளுக்கே தெரியாது.

அடுத்த வாரத்தின் தொடக்கத்தில் ஒரு நாள். தோள் கனத்துப்போய், ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். கூரைத் தகட்டின் வழியே வெயில் பாயில் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. துணிக்கு அந்தப் பக்கம் ஒரு கால் தரையில் இழுபடுகிற சத்தம். பிறகு தொப்.

"நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு" என்றது குரல்.

அவள் கையில் இருந்த பந்தைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் தான் போட்ட பிறகுதான் அந்தக் குரல் வந்திருக்கிறது. தனக்கே சொல்கிறது என்று எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால், அவள் போட்டாலும் போடாவிட்டாலும் அங்கே ஒருத்தி போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவளும் காலை இழுக்கிறாள்.

யார் என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் துணியை விலக்கக் கை வரவில்லை. வாசலுக்கு நடந்தாள்.

"அண்ணா, பக்கத்து லேன்ல யாரு வர்றாங்க?"

"மூணாவதுலயா? இன்னைக்கு யாரும் வரலியே."

"அது இல்லண்ணா. இந்தப் பக்கம். அஞ்சாவது."

சாவி அண்ணன் சிரித்தார். "அஞ்சாவதா? அதுக்கு நான் தனியா ஹால் கட்டணும். உன்னோடதுதான் கடைசி. அப்புறம் செவுரு."

அவள் நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு அவரே எழுந்து கூட வந்தார். சாவிக்கொத்து குலுங்கக் குலுங்க நடந்து, நாலாவது லேனின் இடப்பக்கத் துணியை ஜன்னல் திரையைத் தள்ளுவது போலத் தள்ளினார். செங்கல் சுவர். துணிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் கூட நுழைய முடியாது. பூசாத சுவரில் அங்கங்கே ஈரம் பூத்திருந்தது.

"அந்தப் பக்கம் சாக்கடை, அதுக்கப்புறம் ரோடு. ரோட்ல யாராவது பேசியிருப்பாங்க" என்றார். "எலி கூட இல்ல, பயப்படாத."

அவர் துணியை விட்டார். அது ஆடி, ஆடி, நின்றது.

அதற்குப் பிறகும் அவள் அங்கே போனாள். ஏன் போனாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இறுதி மேட்ச். வீட்டில் முழங்கை, மைதானத்தில் இடுப்பு, இரண்டும் காதில் குத்திக்கொண்டே இருந்தன. அந்த ஒரு லேனில்தான் குழப்பம் இல்லை. ரோட்டில் பேசுகிறார்கள், அவ்வளவுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ரோட்டில் பேசுகிறவர்கள் எதற்கு முட்டியை மடக்காதே என்று சொல்ல வேண்டும் என்ற கேள்வியைப் பக்கத்தில் வரவே விடவில்லை.

வெள்ளிக்கிழமை. இரண்டு பந்து போட்டாள். இரண்டும் கட்டத்துக்குள். மூன்றாவதை எடுக்கக் குனிந்தபோது குரல் சொன்னது:

"அந்தப் பக்கம் ஒருத்தி கேட்டுட்டு இருக்கா."

குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள்.

"நின்னுட்டா பாரு" என்றது குரல்.

"போயிட்டாளா?" இது வேறு குரல். சின்னப் பெண்ணின் குரல்.

"இல்ல. இங்கதான் இருக்கா. நல்லா கேட்டு வெச்சுக்கோ. எப்படி அடி வைக்கறா, எப்படிக் காலை இழுக்கறா, எல்லாம். ஞாயித்துக்கிழமை நீதான் போகணும்."

"அவ?"

"அவ இங்க இருக்கட்டும்."

துணி அசையவில்லை. அசைந்திருந்தால் கூடத் தேவலை என்று அவள் பிறகு சொன்னாள். கூடை, பை, கையுறை எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். சாவி அண்ணன் பின்னாலிருந்து என்னவோ கேட்டார். அப்பாவின் வேன் வருகிற வரைக்கும் வெயிலில், ரோட்டின் அந்தப் பக்கத்தில் நின்றாள்.

"நாளைக்கு ஹால் வேண்டாம்ப்பா" என்றாள் வேனில் ஏறியதும்.

அப்பாவுக்கு முகம் மாறியது. "உன் கோச்சம்மா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"எனக்குத் தெரியும். நான் பிடிச்ச இடம்னு தெரிஞ்சிருக்கும். அதான் போகாதன்னு சொல்லிக்கொடுத்திருக்காங்க. ஜெயிக்கறது அவங்களாலன்னு காட்டணும்ல?"

வாயைத் திறந்தாள். எதை முதலில் சொல்வது? சுவர் பேசுகிறது என்றா? அப்பா வீடு வரைக்கும் கோச் அக்காவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. கோச் அக்கா வேறு கையுறை ஒன்றைக் கொடுத்தார். அது யாருடையது என்று கூட அவள் கேட்கவில்லை. பந்து போடுகிற வட்டத்துக்குள் போய் நின்றாள். எதிரணியின் முதல் பெண் பேட்டைத் தட்டிக்கொண்டு வந்தாள். இந்த முறை முழங்கையோ இடுப்போ, யார் சொன்னதையாவது கேட்டுப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கையைத் தூக்கினாள்.

கை தானாகப் போனது.

ஸ்ட்ரைக். கைதட்டல். அடுத்ததும் ஸ்ட்ரைக். அவள் நிறுத்தப் பார்த்தாள். கை கேட்கவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் கைதட்டல் கொஞ்சம் தள்ளிப் போனது. முதலில் அடுத்த தெருவில் தட்டுகிற மாதிரி, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு யாரோ தட்டுகிற மாதிரி. வெயிலில் பச்சை ஏறியது. புல் வாசனை போய் ரப்பர் பாயின் வாசனை வந்தது. பேட்டுடன் நிற்கிற பெண்ணைத் தேடினாள். அங்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கட்டம்தான் இருந்தது. தனக்கு இடப்புறம், மிகவும் கிட்டத்தில், யாரோ மைதானத்து மண்ணில் காலை இழுத்துக்கொண்டு நடக்கிற சத்தம் கேட்டது. நிம்மதியாக, ஆசையாக நடக்கிற சத்தம்.

மூட்டை எழுந்தாள். நடுவரிடம் கை காட்டிவிட்டு, முகக்கவசத்தைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு வட்டத்துக்கு நடந்து வந்தாள்.

"என்னைப் பாரு" என்றாள்.

அவள் பார்த்தாள். துணிக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

"மூணு விரல் காட்டினா நமக்குள்ள என்ன அர்த்தம்? சொல்லு."

வாய் திறக்கவில்லை. மூட்டை பயந்துவிட்டாள். ஆனால் ஓடவில்லை. கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பந்தோடு சேர்த்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"ஐயோ, ஐஸ் மாதிரி இருக்குடி. மூச்சு விடு. ஏய் வாத்து, மூச்சு விடுடி!"

விட்டாள். அது இரும்புக் கதவைத் தள்ளுவது போல இருந்தது. விட்டதும், அந்தச் சின்ன இடைவெளியில், இரண்டு சத்தங்கள் உள்ளே வந்தன. ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு, பல்லைக் கடிக்க வைக்கிற அதே பழைய சத்தங்கள்.

"இடுப்பு! என்னம்மா பண்ற, இடுப்பு!"

"முழங்கை! முழங்கையைத் தூக்கு கண்ணு!"

வாழ்க்கையில் முதல் முறையாக அந்த இரண்டும் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

"மூணு விரல்னா வெளிய போடு" என்றாள் மூட்டையிடம். "தெரியும். போய் உக்காரு."

அடுத்த பந்தைக் கண்ணைத் திறந்துகொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, முழங்கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து போட்டாள். தோளில் சுளீர் என்றது. பந்து எங்கேயோ போனது. அடுத்ததை இடுப்பை உரசிப் போட்டாள். எதிரணிப் பெண் அதைப் பொளேரென்று அடித்தாள். பந்து வேலியைத் தாண்டிப் பறக்கிற போது மைதானம் முழுக்க எழுந்த சத்தம், தலையில் தண்ணீர் கொட்டியது போலத் தெளிவாகக் கேட்டது. வெயில் மஞ்சளாக இருந்தது. அவளுக்கு வலித்தது. வலி அவள் தோளில்தான் இருந்தது.

இடப்புறம் நடந்துகொண்டிருந்த கால் நின்றுவிட்டது.

அதன் பிறகு வாங்கிய அடிக்குக் கணக்கே இல்லை. கோச் அக்கா ஒரு முறை வந்து, "மாத்திடவா?" என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கடைசி வரை அவளே போட்டாள். ஒரு பந்து அவர் சொன்ன மாதிரி, ஒரு பந்து இவர் சொன்ன மாதிரி, ஒரு பந்து யாரும் சொல்லாத மாதிரி. படுதோல்வி. கை குலுக்கும்போது எதிரணிப் பெண்களுக்கே பாவமாக இருந்தது.

வேனில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நெஞ்சில் கையை வைத்து, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டாள். அப்பா ஒரு முறை கூடக் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும், வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வேனை நேரே விட்டார்.

"எங்க போறீங்க?" என்றாள் அம்மா.

"பை அங்கதானே இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

ஹாலுக்கு எதிரே நிறுத்தினார். டூல் பெட்டியிலிருந்து டார்ச்சும் சுத்தியலும் எடுத்துக்கொண்டார். சுவருக்குப் பின்னால், இருட்டுக் குழிக்குள் என்ன சத்தம் கேட்டாலும் அது கயிறா, கம்பியா, காற்றா என்று சொல்கிற வேலை அவருடையது. பயப்படுகிற ஆளே இல்லை. சாவி அண்ணனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போனார்.

வர நேரமானது. அம்மா கதவைத் திறந்து இறங்கப் போன சமயத்தில் வெளியே வந்தார். பையும் கையுறையும் கையில் இருந்தன. டார்ச் எரிந்துகொண்டே இருந்தது, அணைக்க மறந்திருந்தார். வேனில் ஏறி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இனிமே அங்க வேண்டாம்" என்றார்.

"கேட்டுச்சாப்பா?"

"ம்."

"சொல்லிக்கொடுக்கற அந்தக் குரலா?"

"இல்ல. பந்து சத்தம் மட்டும்தான். அப்புறம் கால் இழுக்கற சத்தம்." ஹாலின் வாசலைப் பார்த்தார். "உன் கால் சத்தம் எனக்குத் தெரியாதா? அதே மாதிரி. நான் செவுத்துல ஒரு தட்டுத் தட்டினேன். நின்னுடுச்சு."

"அப்புறம்?"

அவர் கண்ணாடி வழியே மகளைப் பார்த்தார்.

"ஒரு பொண்ணு அழுதுச்சு. அவ ஏன் வரலன்னு கேட்டுச்சு. உன் குரல்ல கேட்டுச்சும்மா. நீ வேன்ல இருக்கேன்னு தெரியும். தெரிஞ்சும், இதோ வந்துட்டேன் கண்ணுன்னு சொல்லிட்டேன்."

அம்மா எட்டி அவர் மடியில் எரிந்துகொண்டிருந்த டார்ச்சை எடுத்து அணைத்தாள். பிறகு, "வண்டியை எடுங்க" என்றாள்.

சாவி அண்ணன் அதன் பிறகு நாலாவது லேனை யாருக்கும் விடவில்லை. அப்பா என்ன சொன்னார் என்று தெரியாது. அந்த லேன் முழுக்கப் பழைய நாற்காலிகளையும் கிழிந்த பாய்களையும் அடைத்துவிட்டார்கள் என்று மூட்டை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவள் போகவில்லை.

தோள் வீக்கம் வடிகிற வரைக்கும் அவள் பந்தைத் தொடவில்லை. மறுபடி மைதானத்துக்குப் போன நாளில் அப்பாவும் கூட வந்தார். கோச் அக்காவின் முன்னால் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "மேடம், இனிமே நான் கோட்டுக்கு வெளிய நின்னு ஒண்ணும் கத்தல" என்றார்.

கோச் அக்கா ஏதோ சூடாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார். "நானும்தான் சார் கத்தினேன்" என்றார். பிறகு அவளிடம் திரும்பினார். "ஒரு பந்து போடு. எப்படி வேணா போடு. போட்டுட்டு, எங்க வலிச்சுது, எங்க வலிக்கலைன்னு எனக்குச் சொல்லு."

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. ஒன்று போட்டாள். சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று போட்டாள்.

"முழங்கையைத் தூக்கினா இங்க இழுக்குதுக்கா. உரசிப் போட்டா வலிக்கல, ஆனா பந்து எங்க போகுதுன்னு எனக்குப் பிடி கிடைக்கல." காலை ஒரு முறை முன்னால் நீட்டி வைத்துப் பார்த்தாள். "காலை இன்னும் நீட்டி வைன்னு அப்பா ஒரு தடவை சொன்னாங்க. அது சரியா வருது. அதை வெச்சுக்கறேன்."

"அப்ப முழங்கை?" என்றார் அப்பா. கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"முழங்கை வேண்டாம்ப்பா."

"சரி" என்றார். சொல்ல அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மர பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அவள் மூச்சை வெளியே விட்டுவிட்டுக் கையைச் சுழற்றினாள். பந்து வெளியே போனது. மூட்டை அலுத்துக்கொண்டே எழுந்து அதன் பின்னால் ஓடினாள்.